பால் கேனுக்கு இரண்டு கைப்பிடிகள்

அத்தியாயம் பதினொன்று

இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று வலது கையை வைத்துச் சத்தியம் செய்கிறேன். எதன்மேல் வைத்து என்று கேட்பீர்கள். பைபிள் கைக்கு எட்டவில்லை. மேல் ஏரிக்கரைச் சிறு கல்லூரிகள் தடகளக் கூட்டமைப்பின் விதிப் புத்தகம்தான் எட்டியது. அது பைபிளைவிடத் தடிமன், அற்புதங்களும் குறைவு, ஆகவே சத்தியம் செல்லும். முந்தைய பத்து அத்தியாயங்களில் சொன்னதற்கு நான் பொறுப்பில்லை. இதற்குப் பொறுப்பு.

அது பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை. விஸ்கான்சினில் அன்று அடித்த குளிரைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். வாசலில் விழுந்த என் நிழல் தரையோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் வண்டியில் ஏறி உட்கார்ந்து சற்று நேரம் கழித்துத்தான் அது வந்து சேர்ந்தது.

அதற்கு முன்பே தொலைபேசி அடித்திருந்தது.

“டெல்பர்ட், வண்டியை எடு. பால் கேனைக் காணோம்.”

“எந்தப் பால் கேன், பாஸ்?”

“காணாமப் போனா எனக்கு போன் வர்ற பால் கேன் இந்த மாநிலத்துல எத்தனை இருக்கு?”

பேசியது ஆர்டிஸ் குல்பிரான்சன். முப்பது வருடம் கூடைப்பந்து நடுவராக இருந்த பெண்மணி, இப்போது கூட்டமைப்பின் விசாரணை அதிகாரி. தன் கல்யாணத்தில் மாப்பிள்ளை மோதிரத்தைக் கீழே போட்டபோது விசில் ஊதி நிறுத்தி, பாதிரியாரை முதலிலிருந்து தொடங்கச் சொன்னவர். அந்த விசில் இன்னும் கழுத்தில் தொங்குகிறது. நான் அவருடைய உதவியாளர். என் வேலை வண்டி ஓட்டுவதும் தப்பான ஆளைச் சந்தேகப்படுவதும். இரண்டிலும் எனக்கு நல்ல பெயர்.

எங்கள் கூட்டமைப்பில் எட்டுத் தனியார் கல்லூரிகள். எட்டின் மாணவர்களையும் திரட்டினால் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் பாதி நிரம்பும். விளையாடுகிறவர்களுக்கு உதவித்தொகை கிடையாது, ஆசைக்கு ஆடுகிறார்கள். பார்க்க வருவது அவர்களுடைய அப்பா அம்மாக்கள்.

அந்த எட்டில் புனித வால்பர்கா கல்லூரி மே மாதத்தோடு மூடப்படுகிறது. சேர ஆள் இல்லை. அன்று மாலை மூன்று மணிக்கு, பரம எதிரியான எல்டர்டன் கல்லூரியோடு அதன் பெண்கள் அணிக்குக் கடைசி ஆட்டம். பரிசு அந்தப் பால் கேன். யாரோ ஒரு விவசாயி கொட்டிலில் விட்டுப்போன பழைய தகரக் கேன், பக்கத்துக்கொன்றாக இரண்டு கைப்பிடி. ஜெயித்தவர்கள் அதற்குத் தங்கள் நிறத்தை அடிப்பார்கள், வால்பர்கா என்றால் பச்சை, எல்டர்டன் என்றால் சிவப்பு. எழுபது வருடமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து, இப்போது அந்தக் கேனில் தகரத்தைவிடப் பெயின்ட் அதிகம்.

கூட்டமைப்பின் விதி ஒன்று உண்டு. கேன் மைதானத்தில் இல்லாமல் பந்து மேலே போகாது, ஆட்டம் தொடங்காது. ஆட்டம் ரத்தும் ஆகாது, கேன் கிடைக்கும்வரை பாக்கி. ஆனால் வால்பர்காவுக்கு நாளை என்பதே குறைவாக இருக்கும்போது பாக்கி வைத்து என்ன செய்ய? மூன்று மணிக்குள் கேன் வராவிட்டால் அந்தப் பெண்களுக்குக் கடைசி ஆட்டம் என்று ஒன்று இல்லை.

வால்பர்காவின் ஜிம்மில் எங்களை வரவேற்றவர் கோச் கோனி வாண்டர்ஹெய்டன் என்ற அம்மாள். நரைத்த குட்டை முடி, பச்சை ஸ்வெட்டர், கையில் துடைப்பான். சிறு கல்லூரியில் பயிற்சியாளர்தான் தரையும் துடைப்பார், பஸ்ஸும் ஓட்டுவார், ஆள் குறைந்தால் தேவாலயத்தில் பாட்டும் பாடுவார்.

“எப்போ கடைசியா பார்த்தீங்க, கோச்?” என்றார் ஆர்டிஸ்.

“வியாழக்கிழமை ராத்திரி. பனி கொட்டிட்டிருந்துச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் பாக்குறேன், இல்ல.”

“பூட்டு?”

“அந்தக் கதவுக்குப் பூட்டுன்னு ஒண்ணு இருக்கு. பூட்டாது.”

கேன் இருந்த கண்ணாடி அலமாரி எதிர்ச் சுவரில் இருந்தது. வாகன நிறுத்தத்திலிருந்து உள்ளே வரும் கதவு இந்தப் பக்கம். நடுவே மேப்பிள் பலகை பதித்த ஆடுகளம், கண்ணாடி மாதிரி மின்னியது. ஜூனில் அதைப் பெயர்த்து விற்கப்போகிறார்கள் என்று அந்தத் தரைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

ஆர்டிஸ் முட்டி போட்டுக் குனிந்தார். எங்கள் ஊரில் குளிர்காலத் திருடன் கையெழுத்துப் போடாமல் போக முடியாது. சாலையில் பனி உருகத் தூவும் உப்பு பூட்ஸில் ஒட்டி, காய்ந்ததும் வெள்ளைத் தடமாக நின்றுவிடும். கதவிலிருந்து பெரிய பூட்ஸ் தடம் ஒன்று வந்தது. ஆடுகளத்தின் ஓரத்தில் ஒரு நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றது. அங்கே அக்கம்பக்கமாக இரண்டு உப்பு வட்டம். அதற்கப்பால் ஒன்றுமில்லை. அதே நாற்காலியிலிருந்து தடம் மறுபடி தொடங்கித் திரும்பிப் போனது.

“ஆவி, பாஸ். நாற்காலிவரைக்கும் மனுஷன், அதுக்கப்புறம் ஆவி.”

“ஆவி திரும்பி வந்து பூட்ஸ் மாட்டிக்குமா?”

“இந்தக் குளிர்ல மாட்டிக்கும்.”

“பூட்ஸைக் கழட்டி வச்சிட்டு, சாக்ஸோட ஆடுகளத்தைத் தாண்டிப் போயிருக்கான். திருட வந்தவன், டெல்பர்ட். ஜூன்ல உடைக்கப்போற தரை. அதுல அழுக்குப் பூட்ஸை வைக்க அவனுக்கு மனசு வரல.”

“இந்த ஊர்ல எல்லாரும் வாசல்லயே பூட்ஸைக் கழட்டுவாங்களே.”

“வீட்டுல. ஜிம்முல கால்பந்துக்காரன் கழட்ட மாட்டான், நாற்காலி திருட வந்தவன் கழட்ட மாட்டான். இது கூடைப்பந்துக்காரன் கால்.”

அப்போது ஒரு பெண் பந்தைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். அணித் தலைவி மேரன். நான் என் கடமையைச் செய்தேன்.

“ஏம்மா, நீங்கதானே எடுத்து ஒளிச்சு வச்சிருக்கீங்க? காலேஜ் போகுது, ஞாபகத்துக்கு ஒண்ணு இருக்கட்டுமேன்னு?”

அவள் பந்தை நிறுத்தவில்லை. “தாத்தா, எங்கப்பா நாற்பது மாடு வச்சிருக்கார். காலையில ஒரு கறவை, சாயங்காலம் ஒரு கறவை. நாலு வருஷமா நான் ஆடி அவர் ஒரு தடவை கூடப் பார்த்ததில்ல. இன்னைக்கு ஒரு நாளைக்கு மாடு கறக்க ஆள் கிடைச்சிருக்கு. இப்போ வண்டியில வந்துட்டிருக்கார். கேன் இல்லேன்னா ஆட்டம் இல்ல. நான் எதுக்கு ஒளிக்கணும்?”

“நியாயம்” என்றேன்.

“அதோட, எங்களுக்கு வேணும்னா ஜெயிச்சு எடுத்துக்குவோம். நீங்க முதல்ல கேனைக் கண்டுபிடிங்க.”

ஆர்டிஸ் இன்னும் அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். “டெல்பர்ட், இது எந்த பெஞ்ச்?”

“வெளியூர் அணி பெஞ்ச்.”

“முதல் நாற்காலி யாருக்கு?”

“வெளியூர் கோச்சுக்கு.”

“உள்ளூர்க்காரன்னா எதிர்ப்பக்கம் உக்காந்து கழட்டியிருப்பான். இவன் திருட வந்த அன்னைக்கும் பழக்கத்துல தன் நாற்காலிக்கே போயிருக்கான்.”

கோனி சட்டென்று துடைப்பானை எடுத்துக்கொண்டு மறுகோடிக்குப் போய், ஏற்கெனவே மின்னிக்கொண்டிருந்த இடத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

எல்டர்டன் இருப்பது ஒரு குன்றுக்கு அந்தப் பக்கம். என் வண்டியின் ஹீட்டர் ஜூலையில் மட்டும்தான் வேலை செய்யும், ஆகவே போய்ச் சேரும்வரை ஆர்டிஸ் வாய் திறக்கவில்லை. எல்டர்டன் கோச் வெண்டல் ஸ்கோக்கின் வீடு ஏரியை ஒட்டி இருந்தது. அறுபத்தைந்து வயது, ஒற்றை ஆள், ஊரில் யாரையும் சத்தம் போட்டு அறியாதவர். தோற்கும்போதுகூட “இப்படியும் ஆடலாம்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வந்ததில்லை.

ஆர்டிஸ் கதவைத் தட்டவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் நின்ற ரோஜாச் செடிகளைப் பார்த்தார். குளிர்காலத்தில் இங்கே ரோஜாவுக்கெல்லாம் சாக்குப் போர்த்திக் கயிறு கட்டிவிடுவார்கள். ஐந்து சாக்கு வரிசையாக நின்றது.

“நாலு செடி தலையில பனி இருக்கு. அஞ்சாவது தலையில?”

“இல்ல. வியாழக்கிழமைப் பனிக்கு அப்புறம் முளைச்ச செடி போல.”

“தட்டிப் பார்.”

தட்டினேன். எழுபது வருடப் பெயின்ட்டுக்குள்ளிருந்து அந்த ரோஜாச் செடி ‘தொப்’ என்றது.

கதவைத் திறந்துகொண்டு வெண்டல் சாக்ஸ் காலோடு நின்றார். எங்களைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார்.

“காபி குடிக்கிறீங்களா?” என்றார்.

“வேண்டாம், பரவால்ல” என்றார் ஆர்டிஸ்.

“சூடா இருக்கு.”

“உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“போட்டு வச்சதுதான்.”

“அப்போ கொஞ்சமா.”

எங்கள் ஊரில் இரண்டு முறை மறுக்காமல் காபி வாங்கினால் வளர்ப்புச் சரியில்லை என்று அர்த்தம். ஆளைப் பிடிக்கப் போனாலும் இதுதான் முறை. சமையலறையில் உட்கார்ந்தோம். எலுமிச்சை இனிப்புத் துண்டுகள் வைத்தார். நான் சாட்சியத்தை ஆராயும் பொருட்டு நான்கு தின்றேன்.

“ஏன், வெண்டல்?” என்றார் ஆர்டிஸ்.

அவர் காபியைக் கலக்கினார். அதில் கலக்க ஒன்றுமில்லை. கறுப்புக் காபி.

“பாக்கி ஆட்டம் இருக்கிற காலேஜை அட்டவணையில இருந்து எடுக்க முடியாது, இல்லையா? விதி அப்படித்தானே?”

“அப்படித்தான்.”

“இன்னைக்கு ஆடிட்டா அஞ்சு மணிக்கு முடிஞ்சிரும். ஆடலேன்னா பாக்கி. அடுத்த வருஷமும் எங்க அட்டவணையில ‘வால்பர்கா’ன்னு ஒரு வரி இருக்கும்.”

“ஜூன்ல தரையே இருக்காது. யாரோட ஆடுவீங்க?”

“தெரியும், ஆர்டிஸ். எனக்கு என்ன, தெரியாதா?”

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “ஜெயிச்சா கேன் உங்களுக்கே ஆச்சே, கோச். நிரந்தரமா.”

“ஜெயிச்சு?” என்றார் அவர். “அப்புறம் அதை யார்கிட்ட தோக்குறது?”

ஐந்தாவது துண்டை நான் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துப் பேசினார். வழக்கம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் வந்த அணி ஜெயித்தால் இரண்டு கோச்சுகளும் ஆளுக்கொரு கைப்பிடி பிடித்துக் கேனை ஜிம் வாசலிலிருந்து பஸ்வரை கொண்டுபோய் ஏற்ற வேண்டும். தோற்றவர் கையாலேயே அனுப்பிவைக்க வேண்டும் என்பதற்காக எவனோ குறும்புக்காரன் ஏற்படுத்தியது.

“அந்த நடை இருக்கே” என்றார் வெண்டல். “இருபத்தாறு வருஷமா நானும் கோனியும் சேர்ந்து இருந்தது அவ்வளவுதான். ஜிம் வாசல்ல இருந்து பஸ்வரைக்கும்.”

“என்ன பேசுவீங்க?”

“ரோடு எப்படி இருக்குன்னு கேப்பாங்க. பரவால்லன்னு சொல்வேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் பஸ் வந்துரும்.”

ஆர்டிஸ் கழுத்து விசிலைத் தொட்டார். ஊதப்போகிறார் என்று நினைத்தேன்.

“வெண்டல், திருடிக்கிட்டு வந்தா ரெண்டு கைப்பிடியையும் நீங்களேதான் பிடிக்கணும்.”

“ஆமா” என்றார் அவர். “காலிக் கேன்தான். ஆனாலும் கனமா இருந்துச்சு.”

“அங்க ஒரு பொண்ணோட அப்பா மாட்டை அடுத்தவன்கிட்ட விட்டுட்டு வந்துட்டிருக்கார்.”

வெண்டல் எழுந்து பூட்ஸ் மாட்டினார். சாக்கை அவிழ்த்தபோது நான் ஒரு கைப்பிடியைப் பிடிக்கக் குனிந்தேன்.

“வேண்டாம், டெல்பர்ட்” என்றார், மரியாதையாகத்தான். “அந்தப் பக்கம் நீங்க பிடிக்காதீங்க.”

தனியாகவே நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வந்து வண்டியில் வைத்துவிட்டு, தன் அணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்.

வழியில் ஆர்டிஸ் கூட்டமைப்புத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்தார். “கிடைச்சிருச்சு. ரோஜாத் தோட்டத்துல... இல்ல, யாரும் எடுக்கல. பனியில வழி தவறியிருக்கு.” போனை வைத்தார்.

“பாஸ், கேன் எப்படி வழி தவறும்?”

“நடுவர் எல்லாத்தையும் ஊத மாட்டா, டெல்பர்ட். எல்லாத்தையும் ஊதினா ஆட்டமே நடக்காது. ரோட்டைப் பார்த்து ஓட்டு.”

மூன்று மணிக்குப் பந்து மேலே போனது. அன்று வால்பர்கா ஜிம்மில் இருந்த கூட்டத்துக்குச் சுவர்கள் வெளிப்பக்கம் சற்று வளைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பேண்டு வாத்தியத்தில் ஒரு டிராம்போனும் ஒரு பாதிரியாரும். மூன்றாவது வரிசையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, மேரனின் அப்பா. மாட்டுக் கொட்டில் வாசனையோடு அவரைச் சுற்றி இரண்டு இடம் காலி. அவர் கவனிக்கவில்லை. மகள் பந்தைத் தொடும்போதெல்லாம் அவருடைய விரல்கள் கறப்பதுபோல் அசைந்தன.

கடைசி நொடிகளில் எல்டர்டன் ஒரு புள்ளி முன்னால். மேரன் ஓரத்திலிருந்து எறிந்தாள். பந்து வளையத்தின் மேல் ஏறிச் சுற்றத் தொடங்கியது. அது சுற்றிய நேரத்தில் நான் ஒரு பொட்டலம் பாப்கார்ன் முடித்து, பக்கத்திலிருந்தவருடையதையும் ஆரம்பித்தேன். பிறகு உள்ளே விழுந்தது.

முதலில் கைதட்டியது வெண்டல். மேரனின் அப்பா எழுந்து நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் தொப்பியைப் போட்டுக்கொண்டார், உடனே கழற்றினார். மேரன் அவரிடம் ஓடினாள்.

நான் கேனைப் பார்த்தேன். சொந்த ஜிம்மில் வால்பர்கா ஜெயித்துவிட்டது. கேன் இருந்த இடத்திலேயே இருக்கும். பஸ்வரை நடை கிடையாது.

இரண்டு கோச்சுகளும் ஆடுகளத்தின் நடுவில் கைகுலுக்கினார்கள். “நல்லா ஆடினீங்க.” “நீங்களும்தான்.” அவ்வளவே. வெண்டல் தன் நாற்காலிக்குப் போய்ப் பூட்ஸ் மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

கூட்டம் கலைந்த பிறகு ஆர்டிஸ் கோனியை அந்த நாற்காலியருகே கூப்பிட்டார். நான் குப்பைக்கூடை ஒன்றுக்குப் பின்னால் காது தெரியும்படி ஒளிந்துகொண்டேன்.

“தினமும் காலையில தரையைத் துடைக்கிறது யாரு, கோச்?”

“நான்தான்.”

“நேத்தும் துடைச்சீங்க. இன்னைக்கும் துடைச்சீங்க. காலையில நாங்க வந்தப்போ மூலை முடுக்கெல்லாம் முகம் தெரிஞ்சுது. இந்த ரெண்டு உப்பு வட்டமும் அந்தத் தடமும் மட்டும் அப்படியே இருந்துச்சு.”

“விட்டுப் போயிருக்கும்.”

“ரெண்டு நாளுமா?”

கோனி துடைப்பானின் கம்பைக் கையில் உருட்டினார்.

“ஆபீஸ் ஜன்னல்ல இருந்து பார்த்துட்டுத்தான் இருந்தேன்” என்றார். “ரெண்டு கைப்பிடியையும் ஒத்தையாப் பிடிச்சுக்கிட்டு, வழுக்கி வழுக்கி வண்டிக்குப் போனார். ஓடிப்போய் ஒரு பக்கம் பிடிக்கணும்னு தோணுச்சு. கால் நகரல.”

“துடைக்காம விட்டது?”

“ஆட்டம் இல்லாத நாள்ல அவர் இங்க வந்தது அது ஒண்ணுதான், ஆர்டிஸ். அதைப் போய் எப்படித் துடைப்பேன்?”

ஆர்டிஸ் எதிர்ச் சுவர் அலமாரியைத் திறந்து கேனை வெளியே எடுத்து, கோனியின் காலருகே வைத்தார். வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி, “டெல்பர்ட், அந்தக் கூடைக்கு உன் காது பொருந்தல. வா” என்றார்.

வண்டியில் உட்கார்ந்து கண்ணாடிப் பனியைச் சுரண்டிவிட்டுப் பார்த்தேன். எல்டர்டன் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஜிம் கதவு திறந்தது. கோனி ஒரு கைப்பிடியைப் பிடித்துக் கேனைச் சாய்வாகத் தூக்கிக்கொண்டு வந்தார். மறு கைப்பிடி காற்றில் தொங்கியது. பஸ் படியில் காலை வைத்திருந்த வெண்டல் அதைப் பார்த்துக் கீழே இறங்கினார். கையுறையைக் கழற்றினார். பிடித்தார்.

கேனை ஏற்ற முடியாது, அது வால்பர்காவினுடையது. ஆகவே அவர்கள் பஸ்ஸைச் சுற்றி நடந்தார்கள். ஒரு சுற்று முடிந்ததும் நிற்கவில்லை. உள்ளேயிருந்த எல்டர்டன் பெண்கள் ஒரு பக்க ஜன்னலிலிருந்து மறுபக்க ஜன்னலுக்கு ஓடிப் பார்த்தார்கள், பஸ்ஸும் அதற்கேற்பச் சாய்ந்தது. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்தார்.

“என்ன பேசுறாங்க, பாஸ்?”

ஆர்டிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குளிர் என்றார். “ரோடு எப்படி இருக்குன்னு கேக்குறா.”

“அவர்?”

“இன்னும் பதில் சொல்லல.”

ஜூனில் அந்தத் தரையைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். கோனி அரிசோனாவில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார், அங்கே பனியும் இல்லை, உப்பும் இல்லை. போகும்போது கேனையும் கொண்டுபோனார். அதை வண்டியில் ஏற்ற நான் உதவப் போனேன். ஒரு பக்கத்தைத் தொட விடவில்லை.

வெண்டல் ஸ்கோக் இறந்தது அந்தப் பிப்ரவரிக்கு முந்தைய அக்டோபரில். ஆவி என்று நான் முதலிலேயே சொன்னேன், பாஸ்தான் கேட்கவில்லை.